மூச்சை அடக்கினால் நெஞ்சு ஏன் முட்டுகிறது?

மூச்சுமுட்டல் என்பது 'காற்றை மாற்று' என்று உடல் தரும் எச்சரிக்கை. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் சிலிண்டர் இல்லாமல், மூச்சடக்கித்தான் மூழ்குகிறார்கள். கொஞ்ச நேரத்தில் நெஞ்சு முட்டும். ஆக்சிஜன் தீர்ந்துவிட்டதா? பெரும்பாலும் இல்லை. செல்கள் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் சேர்கிறது. மூளையின் அடியிலுள்ள முகுளம் அதை உணர்ந்து, நுரையீரலுக்குக் கீழே இருக்கும் உதரவிதானம் என்ற தசையை 'இழு' என்று விரட்டுகிறது. (நுரையீரலுக்குத் தானாக விரியத் தசை கிடையாது, பாவம்.) நாட்டுப்படகில் டீசல் குறைவதைக் கவனிக்காமல், அடியில் தேங்கும் தண்ணீரைப் பார்த்தே கத்தும் ஆள் மாதிரி இந்த முகுளம்.

சரி, குதிக்கும் முன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். கூடுவது சொற்பம், குறைவது கார்பன் டை ஆக்சைடுதான். எச்சரிக்கை தாமதமாகி, தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரலாம்.