மலிவு ரக ஏர் ரைபிள், கல்லாய்க் கிடக்கும் டிரிகர்: கேட்டதும் சொன்னதும்

குழலை மடக்கிச் சுடும் ஸ்பிரிங் ஏர் ரைபிள்களைப் பிரித்துப் பூட்டியே நகம் கறுத்துப்போனவன் நான். அவற்றின் டிரிகர் பற்றிக் கேளுங்கள். எந்த ரைபிள் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் கிடைக்காது.

புதிய ரைபிள். டிரிகரை இழுத்தால் விரல் வலிக்கிறது, முனை ஆடுகிறது. ஏன் இவ்வளவு கனம்?

அமுங்கிய மெயின் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னால் தள்ளத் துடிக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது சியர் என்ற சின்னக் கொக்கி. வைராக் நிறுவனத்தின் ரெக்கார்டு போன்ற நல்ல டிரிகரில் நடுவில் சில நெம்புகோல்கள் சுமையைப் பங்கு போட்டுக்கொள்வதால், விரலுக்கு வந்து சேர்வது சொற்பம். மலிவு ரகத்தில் ஒரு கொக்கி, மிஞ்சினால் இன்னொன்று. ஸ்பிரிங்கின் மொத்த அழுத்தத்தில் இரும்பும் இரும்பும் உராய்வதை இழுத்துப் பிரிப்பது உங்கள் விரல்தான். போதாதற்கு, சொரசொரப்பான பாகங்கள் தாமாக வழுக்கிவிடக் கூடாதே என்று தயாரிப்பாளர் கொக்கியை ஆழமாக மாட்ட வைக்கிறார். டிரிகரைத் திருப்பித் தள்ளும் ஸ்பிரிங்கையும் முரட்டுத்தனமாகப் போடுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பயந்து செய்த வேலை, சரியான பயம்.

முதலில் 500 பெல்லட் (ஏர் ரைபிளின் சின்ன ஈயக் குண்டு) சுடுங்கள். மேடுபள்ளங்கள் தாமாகவே ஓரளவு தேயும். பிறகு அளந்து பாருங்கள். பெட்டிகளை எடை போடும் தொங்கு தராசை டிரிகரின் நடுவில் மாட்டி, குழலுக்கு இணையாகப் பின்னால் இழுக்க வேண்டும். சிலர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு அளப்பார்கள்; அதற்கு ரைபிளைக் கூரையைப் பார்த்து நிறுத்த வேண்டும், ஆகவே வேண்டாம். முனை எப்போதும் பெல்லட்டைத் தாங்கும் தடுப்பை நோக்கியே இருக்கட்டும். மடக்காமல் ஒரு முறை அளந்துகொள்ளுங்கள். பிறகு மடக்கி, பெல்லட் போட்டு இன்னொரு முறை. (பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டனுக்கு முன்னால் காற்று மெத்தை உருவாகாது, அது நேராகப் போய் மோதும்.) முதல் எண், திருப்பு ஸ்பிரிங்கின் பங்கு. இரண்டாவது எண்ணிலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பது சியரின் உராய்வு. எது பெரியது என்று தெரியாமல் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்காதீர்கள்.

மடக்கும்போதும் பெல்லட் போடும்போதும் ஒரு கை குழலைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். சியர் நழுவினால் குழல் பொறி போல மூடிக்கொள்ளும். விரல் போகும், குழலும் வளையும். இதை இன்று பல முறை சொல்வேன்.

நாலு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. எண்ணெய் ஓடும். அழுத்த அறைக்குள் போனால் சூடேறிய காற்றில் டீசல் போல வெடித்து பிஸ்டனின் சீலைக் கெடுக்கும். மாலிப்டினம் டைசல்பைடு கலந்த கிரீஸைக் குண்டூசி முனையில் எடுத்து, சியர் தொடும் இடத்திலும், பாகங்கள் சுழலும் ஊசிகளிலும் தடவுங்கள். தடவியதே தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

சியரை அரத்தால் தேய்த்தால் சீக்கிரம் முடியும் என்கிறார்களே?

சீக்கிரம் முடியும், ரைபிளும் சேர்ந்து. சியரின் மேல்தோல் மட்டுமே கடினமாக்கப்பட்டிருக்கும். அந்தத் தோல் போனால் அடியில் இருப்பது மெத்தென்ற இரும்பு. இன்று வழவழவென்று இருந்து, சில நூறு சுடுதலில் விளிம்பு மழுங்கிவிடும். கோணம் சற்றே மாறினாலும் கொக்கி தானாக வழுக்கும். ஆகவே சியரின் முகத்தைத் தொடாதீர்கள். அது சுழலும் ஊசியையும், உறையோடு உரசும் பக்கங்களையும் 2000 எண் உப்புத்தாளால், தண்ணீர் தொட்டு மெருகேற்றுங்கள்.

அந்த ஊசிகளைத் தட்டி எடுக்கும் முன் ஒன்று: பல ரைபிள்களில் மெயின் ஸ்பிரிங்கை அடைத்து நிற்கும் பின்கட்டையையும் அதே ஊசிகள்தான் பிடித்திருக்கின்றன. ஸ்பிரிங் கம்ப்ரசர் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி) இல்லாமல் அதை உருவினால் கட்டை உங்கள் நெஞ்சைத் தேடி வரும்.

டிரிகர் காப்புக்குள் ஒரு திருகு இருக்கிறது. எத்தனை சுற்று?

பெரும்பாலும் அது எடையைக் குறைக்காது, முதல் கட்ட ஓட்டத்தின், அதாவது கனம் தெரியும் முன் டிரிகர் லேசாக நகரும் தூரத்தின், நீளத்தை மாற்றும். கால் சுற்று, சோதனை, இன்னொரு கால் சுற்று. சோதனை என்பது: பெல்லட் போட்டு, குழலை மூடி, பாதுகாப்புப் பூட்டை எடுத்து, முனையைத் தடுப்பை நோக்கி வைத்து, தோளில் வைக்கும் கட்டையின் அடியை ரப்பர் சுத்தியலால் தட்டுவது. சுட்டுவிட்டால் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். பூட்டை நம்பி இருக்காதீர்கள். பல மாடல்களில் அது டிரிகரைத்தான் தடுக்கும், சியரை அல்ல.

தையல் மெஷின் எண்ணெய்?

அதுவும் எண்ணெய்தான்.

இவ்வளவு பீடிகை எதற்கு? திருப்பு ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங் போட்டேன். மூன்று ஆண்டாக ஒரு குறையும் இல்லை.

மூன்று ஆண்டாக விபத்து நடக்கவில்லை என்பதுதான் உங்கள் சான்று. எடை எவ்வளவு குறைந்தது?

அளந்தேன். மடக்காமல் 1.1 கிலோ இருந்தது 400 கிராம் ஆனது. மடக்கிய நிலையில் 2.8 இருந்தது 2.1. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

700 கிராம் குறைந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். உங்கள் ரைபிளில் திருப்பு ஸ்பிரிங் கொழுத்துத்தான் இருந்திருக்கிறது. ஆனால் அந்த ஸ்பிரிங்குக்கு இன்னொரு வேலையும் உண்டு. மடக்கும்போது பிஸ்டன் தண்டு சியரை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கடக்கும். கடந்த நொடியில் சியர் பாய்ந்து வந்து முழு ஆழத்துக்கு மாட்ட வேண்டும். அதைப் பாய வைப்பது அந்த ஸ்பிரிங். வலுவில்லாத ஸ்பிரிங் போட்டால், கிரீஸ் இறுகும் குளிரிலோ தூசியிலோ அது விளிம்பில் மட்டும் தொற்றி நிற்கலாம். தொற்றி நிற்பதும் மாட்டி நிற்பதும் பார்வைக்கு ஒன்றேதான்.

நல்ல டிரிகர் எல்லாம் லேசாகத்தானே இருக்கிறது? போட்டியில் சுடுபவர்கள் மூச்சுப் பட்டாலே வெடிப்பது போல வைத்திருக்கிறார்களே?

உண்மை. பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில் டிரிகருக்குக் குறைந்தபட்ச எடையே கிடையாது. ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம். ஆனால் அந்த டிரிகர்களின் உட்பாகங்கள் அந்த எடைக்கென்றே செதுக்கப்பட்டவை. தகட்டை வெட்டி வளைத்த சியரில் அந்தக் கனவு வேண்டாம். சீராக, சொரசொரப்பின்றி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விடும் 2 கிலோ டிரிகரில் நான் குறியை அடிப்பேன். எங்கே விடும் என்று தெரியாத ஒரு கிலோவில் அடிக்க மாட்டேன்.

பேனா ஸ்பிரிங் போட்டவரே, நீங்கள் ஒன்று செய்யுங்கள். 50 முறை மடக்கிச் சுட்டு, ஒவ்வொரு முறையும் டிரிகர் முழுதாக முன்னால் வந்ததா என்று எண்ணுங்கள். கை குழலில் இருக்கட்டும்.

எதையும் பிரிக்காமல் ஏதாவது வழி உண்டா?

உண்டு, யாரும் கேட்பதில்லை. விரலைக் கீழே இறக்குங்கள். சுழலும் ஊசியிலிருந்து 20 மில்லிமீட்டரில் இழுத்தால் 3 கிலோ என்றால், 30 மில்லிமீட்டரில் அது 2 கிலோ. ஓட்டம் அதே விகிதத்தில் நீளும், அதுதான் விலை. இன்னொன்று, கனமான டிரிகரோடு போராடும் கை தானாகவே கட்டையை இறுக்கிப் பிடிக்கும். ஸ்பிரிங் ரைபிள் பெல்லட் வெளியேறும் முன்பே உதைப்பதால் இறுக்கிய பிடி குறியைக் கெடுக்கும். டிரிகர்மேல் போடும் பழியில் பாதி அந்தப் பிடியைச் சேர வேண்டியது.

என்னுடையது பிசிபி (முன்பே அடைத்து வைத்த காற்றில் சுடும் ரகம்). அதற்கும் இதே முறையா?

இல்லை. அதில் சியர் பிடித்திருப்பது, உள்ளே வால்வைத் தட்டும் சுத்தியலின் சின்ன ஸ்பிரிங்கை மட்டுமே. பிசிபி பிரிப்பவரைக் கேளுங்கள்.

பேனா ஸ்பிரிங்காரன்தான். 50-இல் இரண்டு முறை டிரிகர் சோம்பலாக வந்தது. இரண்டு முறைதான்.

பழைய ஸ்பிரிங் இன்னும் இருக்கிறதா? இன்றே மாட்டுங்கள். ஊசிகளுக்கு மெருகும் கிரீஸும் கொடுத்துவிட்டு மீண்டும் அளந்து எண்ணைச் சொல்லுங்கள்.

தேங்காய் எண்ணெய் விடலாமா?

மேலே போய்ப் படியுங்கள்.