பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் வேண்டாமென்று எழுதிக் கொடுத்து முழுச் சம்பளத்தையும் கையில் வாங்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் பலகாரம் தயாரித்து வெளியூர்களுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்திருக்கிறேன். இதுதான் என் முதல் வேலை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 14,000, மற்றப் படிகள் 4,000, ஆக மொத்தம் 18,000 ரூபாய். பிடித்தம் போகக் கைக்கு வருவது 16,185. பிடித்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் 18,000 ரூபாயையும் அப்படியே தந்துவிடுவதாக முதலாளி சொல்கிறார். சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணனும், அதை வாங்கி நகைச்சீட்டில் போடு என்கிறார். எழுதிக் கொடுக்கலாமா? இதற்கெல்லாம் வருமான வரியும் உண்டா?

பதில்:

எழுதிக் கொடுக்க வேண்டாம். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் உள்ள சிறு நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியலும், மாதாமாதம் செலுத்த வேண்டிய பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கணக்கும் தயாரித்துக் கொடுப்பது என் தொழில். உங்கள் கேள்வியைப் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் பலரும் கேட்கிறார்கள். எல்லோருடைய கண்ணும் சம்பளச் சீட்டில் கழிக்கப்பட்டிருக்கும் அந்த 1,815 ரூபாயின் மேல்தான் இருக்கிறது. அந்தத் தொகையை ஒட்டி முதலாளியின் பக்கத்திலிருந்து வர வேண்டியது என்ன, அது எதற்கெல்லாம் பயன்படும் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

முதலில் சட்டநிலையைச் சொல்லிவிடுகிறேன். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்கு பி.எஃப். எனப்படும் வருங்கால வைப்புநிதி பொருந்தும். 10 பேர் இருந்தாலே ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு பொருந்தும். வைப்புநிதிக்குக் கணக்கிடப்படும் சம்பளம் (அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும்) 15,000 ரூபாய்க்குள் இருப்பவர் கட்டாயம் உறுப்பினராக வேண்டும். அந்த வரம்புக்கு மேல் சம்பளம் பெற்று, இதற்கு முன் எங்கும் உறுப்பினராக இல்லாமல், முதன்முறையாக வேலைக்குச் சேருபவர் மட்டுமே விலகி நிற்க முடியும். உங்களுடையது 14,000. ஆகவே நீங்கள் எழுதிக் கொடுக்கும் தாளுக்குச் சட்டத்தின் முன் மதிப்பில்லை. பின்னாளில் ஆய்வு வந்தால், விடுபட்ட தொகையை வட்டியோடும் அபராதத்தோடும் செலுத்த வேண்டிய பொறுப்பு முதலாளியின் தலையில்தான் விழும். இதை அவரிடம் பணிவாகச் சொல்லுங்கள். பலருக்கு இது தெரிவதில்லை.

இனி கணக்குக்கு வருவோம். உங்களிடம் பிடிக்கப்படுவது இரண்டு இனங்கள்: வைப்புநிதிக்கு 14,000 ரூபாயில் 12 சதவீதமாக 1,680, ஈ.எஸ்.ஐ.க்கு 18,000 ரூபாயில் 0.75 சதவீதமாக 135. இவற்றுக்கு எதிராக முதலாளி தம் கையிலிருந்து செலுத்துவது வைப்புநிதிக்கு இன்னொரு 1,680, ஈ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதமாக 585, உங்கள் ஆயுள் காப்பீட்டுக்கும் நிர்வாகச் செலவுக்கும் அரை அரை சதவீதமாக 140, ஆக 2,405 ரூபாய். அவர் சொல்லும் ஏற்பாட்டில் உங்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது 1,815, அதுவும் உங்களுடைய சொந்தப் பணம். அவருக்கு மிச்சமாவது 2,405. முழுச் சம்பளம் தருகிறேன் என்ற சொல்லுக்குள் இருக்கும் நிலவரம் இதுதான். முதலாளியின் பங்கை உங்கள் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்வதற்கும் சட்டம் இடம் தரவில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாளி செலுத்தும் அந்த 1,680 முழுவதும் உங்கள் பி.எஃப். கணக்கில் சேராது, பாஸ்புக்கைப் பார்த்துவிட்டுப் பணம் குறைகிறதே என்று பதறுபவர்கள் நிறைய உண்டு. அதில் 8.33 சதவீதப் பங்கான 1,166 ரூபாய் 1995ஆம் ஆண்டு தொடங்கிய ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மீதமுள்ள 514 ரூபாய்தான் உங்கள் 1,680 ரூபாயோடு சேர்ந்து வைப்புநிதியாகிறது. வைப்புநிதியில் மாதம் 2,194 சேர்கிறது. 2024-25ஆம் ஆண்டுக்கு அதற்கு அறிவிக்கப்பட்ட வட்டி 8.25 சதவீதம். ஓய்வூதியத்துக்குப் போன தொகைக்கு வட்டி கிடையாது. அதற்குப் பதிலாக அது உங்கள் பெயரில் பணி ஆண்டுகளைச் சேர்த்து வருகிறது.

நான் நின்று நிதானமாகச் சொல்ல விரும்புவது இந்த ஆண்டுகளைப் பற்றித்தான். கடைசி 60 மாதங்களின் சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவதே மாத ஓய்வூதியம். இருபது ஆண்டுகளை முடித்தவருக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் சேர்த்துக் கணக்கிடுவார்கள். 14,000 ரூபாய்ச் சம்பளத்தில் 30 ஆண்டுகள் பணி செய்தவருக்கு, அந்த இரண்டையும் சேர்த்து 32 ஆண்டுகளுக்கு, 58 வயதில் மாதம் 6,400 ரூபாய் வரும். விலைவாசிக்கு ஏற்ப இது உயர்வதில்லை. இதை மட்டும் நம்பி ஒரு குடும்பம் நடக்காது என்பதும் உண்மை. ஆனாலும் முதுமையில் யாரிடமும் கை நீட்டாமல் மருந்து வாங்குவதற்கு மாதம் பிறந்தால் வந்து சேரும் ஒரு தொகை எவ்வளவு பெரிய ஆதரவு என்பதை, அது இல்லாத வீடுகளில் நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். நம் ஊரார் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன காலத்தில், கடைகளில் அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற உதவியாளர் வேலைகளில் உழைத்தவர்களுக்குச் சட்டம் உறுதி செய்த ஓய்வூதியம் எதுவும் இல்லை. நம் நாட்டில் வைப்புநிதிச் சட்டம் வந்ததே 1952இல்தான்.

இந்த ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் காரைக்குடியில் இரண்டு ஆண்டு, திருப்பூரில் மூன்று ஆண்டு, பிறகு சென்னை என்று இடம் மாறுகிறார்கள். ஒவ்வொரு முறை மாறும்போதும் வைப்புநிதியையும் ஓய்வூதியப் பங்கையும் ரொக்கமாக எடுத்துவிடுகிறார்கள். எடுத்த தொகை ஒரு வண்டிக்கான முன்பணமாகவோ வீட்டு விசேஷத்துக்கான செலவாகவோ கரைந்துபோகிறது. ஆண்டுக் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. இருபது ஆண்டு உழைத்தும் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறாதவர்கள் உருவாவது இப்படித்தான். வேலை மாறினால் யு.ஏ.என். என்னும் அதே பொது எண்ணைப் புது இடத்தில் கொடுத்து, பழைய கணக்கை அதோடு இணைத்துவிடுங்கள். பழைய நிறுவனம் நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது விடுபட்டால் மாற்றம் நடக்காமல் தடைப்பட்டு நிற்கும். பத்தாண்டு முடியாத நிலையில் வைப்புநிதியை எடுத்தே தீர வேண்டிய நெருக்கடி வந்தாலும், ஓய்வூதியப் பங்கைத் தொடாமல் அதற்குரிய திட்டச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டுகள் அழியாமல் இருக்கும்.

அண்ணன் சொன்ன நகைச்சீட்டைத் தவறென்று நான் சொல்லமாட்டேன். கையில் வரும் 16,185 ரூபாயிலிருந்து முடிந்ததை அதில் போடுங்கள். ஆனால் நகைச்சீட்டு செய்யாத ஒன்றை இந்தப் பிடித்தம் செய்கிறது. பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்துவிட்டால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ மாத ஓய்வூதியம் உண்டு. அது 1,000 ரூபாய்க்குக் குறையாது. இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியே ஒரு பங்கு வரும். வைப்புநிதியோடு இணைந்த ஆயுள் காப்பீட்டிலிருந்து, கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தைப் போல் 35 மடங்கும், வைப்புநிதி இருப்பின் சராசரியில் பாதியும் சேர்த்து, அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். உங்கள் சம்பளத்துக்கு முதற்பகுதி மட்டுமே 4,90,000 ஆகிறது. இதற்காக உங்களிடம் ஒரு காசும் பிடிப்பதில்லை. முதலாளி செலுத்தும் அரை சதவீதம், அதாவது 70 ரூபாய், இதைத் தாங்குகிறது. அண்ணனின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். சி.பி.எஃப். எனப்படும் சிங்கப்பூரின் சேமநிதி அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே உரியது. வொர்க் பெர்மிட்டில் போனவருக்கு முதலாளியின் பங்கு என்று எதுவும் சேர்வதில்லை. தம் சேமிப்பை முழுக்கத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டிய இடத்தில் இருப்பதால் அவர் அப்படிச் சொல்கிறார். உங்களுக்கு அந்த நிலை இல்லை.

ஈ.எஸ்.ஐ.யின் 135 ரூபாய்க்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம் கிடைக்கிறது. உங்களை நம்பி வாழும் பெற்றோரையும் சேர்க்கலாம். மேல்சிகிச்சைக்கு மதுரையில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. நோயினால் வேலைக்குப் போக முடியாவிட்டால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதமும், மகப்பேற்றுக்கு 26 வாரம் முழுச் சம்பளமும் கிடைக்கும். இவற்றுக்கு முந்தைய சந்தா காலத்தில் குறிப்பிட்ட நாள்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். எண்ணெய்ச் சட்டிகளும் அடுப்புகளும் உள்ள நிறுவனம் உங்களுடையது. வேலையில் நேரும் காயத்துக்கு, சேர்ந்த முதல் நாளிலிருந்தே, சம்பளத்தில் 90 சதவீதம் வரை இழப்பீடு உண்டு என்பதை அடுப்படியில் நிற்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். ஈ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு 21,000. ஆண்டின் நடுவில் உங்கள் சம்பளம் அதைத் தாண்டினாலும், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று பிரிக்கப்பட்ட சந்தா காலம் முடியும்வரை நீங்கள் உறுப்பினராகவே இருப்பீர்கள்.

வரியைப் பற்றி இப்போது நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் ஆண்டுச் சம்பளம் 2,16,000. 2025-26ஆம் நிதியாண்டின் புதிய வரித் திட்டத்தில் 4 லட்சம் வரை வரியே இல்லை. சம்பளக்காரருக்கு 75,000 நிலைக்கழிவும் தள்ளுபடியும் சேர்ந்து 12,75,000 வரை வரி கட்ட வேண்டியிருக்காது. பி.எஃப். கட்டினால் வரிச் சலுகை என்று பெரியவர்கள் சொல்வது பழைய திட்டத்தைக் குறித்தது. புதிய திட்டத்தில் உங்கள் பங்குக்குக் கழிவு இல்லை. முதலாளியின் பங்கு 12 சதவீதம் வரை உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படாது என்பது இரண்டு திட்டங்களிலும் உண்டு. நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் வேறு: தொடர்ந்து ஐந்தாண்டுப் பணி முடிவதற்கு முன் வைப்புநிதியை எடுத்தால் அது வரிக்குரியதாகிறது; தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பான் எண் இணைக்கப்படாதிருந்தால் பிடித்தம் இன்னும் கூடும். பழைய நிறுவனத்தின் கணக்கைப் புதியதோடு இணைத்திருந்தால் அந்த ஆண்டுகளும் இந்த ஐந்தில் சேரும். பிற்காலத்தில் வரும் ஓய்வூதியம் சம்பளத்தைப் போலவே வருமானமாகக் கருதப்படும். அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சிக்காகப் பிடிக்கப்படும் தொழில்வரி இவற்றோடு தொடர்பில்லாத தனி வரி. அது ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது.

எழுதிக் கொடுக்க மறுத்த பிறகு வேறொரு யோசனை வரக்கூடும்: மொத்தச் சம்பளம் அதேதான், அடிப்படைச் சம்பளத்தை மட்டும் 7,000 என்று குறைத்துக் காட்டி மீதியைப் படிகளாகப் போடலாம் என்பார்கள். அப்படிச் செய்தால் வைப்புநிதியும் ஓய்வூதியமும் காப்பீடும் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கிவிடும். எல்லோருக்கும் ஒரே மாதிரி தரப்படும் படிகளையும் வைப்புநிதிக்குக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும், மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் படிகளாகக் காட்டினால் அந்தக் கூடுதலை ஊதியமாகவே கொள்ள வேண்டும் என்கின்றன.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் பெயரில் இருக்கிறது. வீட்டு விலாசம் என்று நாம் சொல்லும் குடும்பத் தலைப்பெழுத்துகள் இரண்டு மூன்று பெயருக்கு முன்னால் வரும். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் வங்கிப் புத்தகத்தில் இன்னொரு மாதிரியும் இருக்கும். யு.ஏ.என். பதிவு ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தாவிட்டால், பணம் தேவைப்படும் நாளில் விண்ணப்பம் திரும்பி வரும். வேலையில் சேர்ந்த இந்த மாதத்திலேயே இதைச் சரி செய்யுங்கள். முதலாளி பக்கத்தில் இருக்கும்போது செய்வது எளிது. வாரிசு நியமனத்தையும் இணையத்திலேயே பதிவு செய்யலாம். திருமணமானதும் அதைப் புதிதாகச் செய்ய வேண்டும்.

ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) செய்பவர்கள், விசேஷ வீடுகளுக்குச் சமைக்கப் போகும் குழுவினர், நாலைந்து பேரோடு பலகாரம் போடும் வீடுகள் ஆகியோருக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது என்பது எனக்கு உண்மையான வருத்தம். உங்கள் வீட்டில் அப்படி யாரேனும் இருந்தால், தமிழ்நாடு அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். 18 முதல் 40 வயதுக்குள் இருந்து வருமான வரி கட்டாதவராகவும் இருந்தால், வங்கி மூலம் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். 60 வயதுக்குப் பின் மாதம் 1,000 முதல் 5,000 ரூபாய் வரை, செலுத்தும் தொகைக்கு ஏற்பக் கிடைக்கும்.

கடைசியாக, சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டப்படுவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். ஒரு மாதத்துக்குரிய தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நிறுவனம் செலுத்த வேண்டும். மத்திய அரசின் உமாங் செயலியில் பாஸ்புக்கைத் திறந்து, 1,680, 514, 1,166 என்ற மூன்று எண்களும் அந்த மாதத்துக்கு எதிரே ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஏறாவிட்டால் முதலில் உங்கள் நிறுவனத்திலேயே கேளுங்கள். தொகையைச் செலுத்திவிட்டோம் என்று சொன்னால் செலுத்திய சலானின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதன் பிறகும் பதிவு வரவில்லை என்றால் வைப்புநிதி நிறுவனத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் உங்கள் யு.ஏ.என். எண்ணைக் கொண்டு புகார் பதியலாம். அதற்குக் கட்டணம் இல்லை.