அலாரம் அடித்தாலும் கையுறையை மாற்றத்தான் வேண்டும்

கேள்வி: அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். போன வாரம் முடிகிற நேரத்தில் ஊசி எடுத்த இடத்தை அழுத்திப் பிடித்திருந்த சிஸ்டர், பக்கத்து மெஷினில் அலாரம் அடித்ததும் ஓடிப்போய் பட்டனைத் தட்டிவிட்டு அதே கையுறையோடு திரும்பி வந்தார். கேட்டால் "கிளவுஸ் போட்டிருக்கேனே" என்கிறார். நான்தான் வீணாகப் பயப்படுகிறேனா? ஹெபடைட்டிஸ் இருப்பவர்களுக்குத் தனி மெஷின் வேண்டாமா?

பதில்: வீண் பயம் இல்லைம்மா. பல வருடம் டயாலிசிஸ் யூனிட்டில் நர்ஸாக இருந்தவள் நான், அந்த ஓட்டத்தை நானும் ஓடியிருக்கிறேன், அதனால் அவரைத் திட்ட மனம் வரவில்லை. ஆனால் செய்தது தவறுதான். கையுறை காப்பாற்றுவது போட்டிருப்பவரின் கையை. வெளிப்பக்கத்தில் அப்பாவின் ரத்தம் பட்டுவிட்டால், பக்கத்து நோயாளிக்கு அது ரத்தம் பட்ட கைதான். அந்தப் பட்டனை அடுத்து யார் தொடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பில்கூடக் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும், கறை எதுவும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் போகும்போது கையுறையைக் கழற்றி, கையைச் சுத்தம் செய்து, புதிதாகப் போட வேண்டும். கையுறைக்கு மேலேயே சானிடைசர் தடவுவது கணக்கில் சேராது.

இதில் நிர்வாகத்துக்கும் பங்கு உண்டு. கையுறைப் பெட்டியும் சானிடைசரும் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லாவிட்டால், அலாரம் அடிக்கும்போது யாரும் தேடிக்கொண்டு போக மாட்டார்கள். அப்பாவால் முடிந்தால் சுத்தமான கையுறை ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு அவரே அழுத்திப் பிடிக்கட்டும்.

இதைவிட நான் கவலைப்படுவது ஷிஃப்ட் மாறுகிற அரை மணி நேரத்தைப் பற்றி. ஒருவர் எழுந்து போவதற்குள் அடுத்தவர் வாசலில் நிற்பார், அவசரம் அவசரமாக மெஷினைத் துடைப்பார்கள். முந்தைய நோயாளி இடத்தை விட்டுப் போன பிறகுதான் நாற்காலியின் கைப்பிடி, மெஷினின் முன்பக்கம், பிபி பட்டை எல்லாவற்றையும் துடைக்க வேண்டும், கிருமிநாசினி அதன் லேபிளில் போட்டிருக்கிற நேரம் வரை ஈரமாக நிற்க வேண்டும், உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் செய்த வேலை வீண். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரினைத் தனி இடத்தில் ஊசியில் ஏற்றி அந்த ஒருவருக்கு மட்டும் கொண்டுவர வேண்டும். மருந்துத் தட்டு நாற்காலி நாற்காலியாகச் சுற்றினால் தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம் தனி மெஷின் விஷயம். ஹெபடைட்டிஸ் பி என்றால் தனி அறை, தனி மெஷின், தனிப் பொருட்கள் எல்லாம் வேண்டும், அவர்களைக் கவனிக்கிறவர் அதே ஷிஃப்டில் பி எதிர்ப்புசக்தி இல்லாதவர்களையும் சேர்த்துப் பார்க்கக் கூடாது. ஹெபடைட்டிஸ் சி-க்கு அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2001-ல் வெளியிட்ட வழிமுறை தனி மெஷின் கேட்கவில்லை, கையுறை, துடைப்பது, மருந்து பற்றி மேலே சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் போதும் என்கிறது. அப்பாவுக்கு பி தடுப்பூசி போட்டாயிற்றா? டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் அளவில் போடுவார்கள், வருடம் ஒருமுறை எதிர்ப்புசக்தியைப் பார்த்து 10 mIU/mL-க்குக் கீழே இறங்கியிருந்தால் பூஸ்டர் உண்டு.

சிஸ்டரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "அப்பாவைத் தொடுவதற்கு முன்னால் புது கிளவுஸ் போட்டுக்கோங்க சிஸ்டர்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள், கேட்கவில்லையென்றால் யூனிட் பொறுப்பாளரிடம் போங்கள்.

கேள்வி: எனக்குக் கழுத்தில் கதீட்டர். இணைக்கும்போது என்னையும் மாஸ்க் போடச் சொல்கிறார்கள். எதற்கு?

பதில்: அந்தக் குழாய் நேராக இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயில் முடிகிறது. மூடியைத் திறக்கிற சில நொடிகளில் உங்கள் மூக்கிலும் வாயிலும் இருக்கிற கிருமி அதில் விழலாம், அதனால் இணைக்கும்போதும் கழற்றும்போதும் இரண்டு பேருக்குமே மாஸ்க். மூடியைக் கழற்றியதும் குழாயின் வாயைக் கிருமிநாசினியால் நன்றாகத் தேய்த்துத் துடைக்கிறார்களா என்று பாருங்கள். டயாலிசிஸ் ஓடும்போது குளிர் நடுக்கம் வந்தால் போர்வை கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள், வீட்டில் காய்ச்சல் வந்தாலும் அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.