பழைய கிறிஸ்தவ த்ராஷ் மெட்டல் குழுக்களுக்கும் இப்போதையவற்றுக்கும் என்ன வித்தியாசம்?

த்ராஷ் மெட்டல் என்பது அதிவேக கிட்டாரும் டிரம்மும் சேர்ந்த முரட்டு இசை. வலது உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகள்மேல் லேசாக அழுத்தியபடி வேகமாக மீட்டுவார்கள். 'ஜக் ஜக்' என்ற அடைத்த ஒலி அப்படித்தான் வருகிறது. அதே இசைக்கு விசுவாச வரிகளை எழுதினால் அது கிறிஸ்தவ த்ராஷ்.

வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் ஒலிப்பதிவு. லாஸ் ஏஞ்சல்ஸின் வெஞ்சன்ஸ் குழு 1988-இல் 'ஹ்யூமன் சாக்ரிஃபைஸ்' ஆல்பத்தை வெளியிட்டபோது டேப்தான், பட்ஜெட்டும் குறைவு. அதனால் கரடுமுரடு, ஆனால் உயிர்த்துடிப்பு. இன்று கணினியில் ஒவ்வொரு அடியையும் சீராக்கலாம். விறகடுப்புக் குழம்புக்கும் கேஸ் அடுப்புக் குழம்புக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி: மசாலா ஒன்று, வாசனை வேறு.

ஆனால் 'பழையது எளிமை, புதியது நுட்பம்' என்று பிரித்துவிட முடியாது. பென்சில்வேனியாவின் பிலீவர் 1990-லேயே 'சானிட்டி அப்ஸ்க்யூர்' ஆல்பத்தில் வயலினையும் ஓபரா பாணிப் பெண் குரலையும் த்ராஷுடன் கலந்தது. முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்பேன். பழையவர்கள் ஓய்ந்துவிடவும் இல்லை. டெலிவரன்ஸ் என்ற பழைய குழு நடுவில் வேறு பாணிகளுக்குப் போய், 2018-இல் 'தி சப்வர்சிவ் கைண்ட்' ஆல்பம் மூலம் த்ராஷுக்கே திரும்பியது. பிந்தைய தலைமுறையைக் கேட்க அலபாமாவின் டெம்பிள் ஆஃப் பிளட் நல்ல தொடக்கம்.

கத்திப் பாடினாலே சாத்தான் இசை என்று பலர் நினைக்கிறார்கள்; குரலின் கரகரப்பு ஒரு பாடும் முறை மட்டுமே, பாட்டு யாரைப் பற்றியது என்பது வரிகளில்தான் இருக்கிறது.