தெருவில் நாலாவது யாழினி

கேள்வி: டீச்சர், எனக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. கேட்டை நட்சத்திரம். நோ, யா, யீ, யூ இந்த நாலு எழுத்தில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்கு யாழினி என்று வைக்க ஆசை. அத்தை, அதாவது என் மாமியார், யுவதர்ஷினி என்கிறார். "யாரும் வாசிக்காத வாத்தியத்தின் பெயரைக் குழந்தைக்கு வைப்பார்களா? அதுவும் இந்தத் தெருவிலேயே ஏற்கெனவே மூன்று யாழினி இருக்கிறார்கள்" என்பது அவர் கட்சி. வீட்டுக்காரர் வாயே திறக்கவில்லை. யாழினி என்றால் என்ன அர்த்தம்? ரொம்பப் பொதுவான பெயராகிவிட்டதா? இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.
— வாசகி, மன்னார்குடி

பதில்: வீட்டுக்காரர் வாய் திறக்காமல் இருப்பது புத்திசாலித்தனம். அவரை விட்டுவிடுங்கள், பெயருக்கு வருவோம்.

ஜோசியர் கொடுத்த நாலு எழுத்தையும் முதலில் பார்க்கலாம். 'நோ' தமிழில் வலிதான். நோவு, நோய் எல்லாம் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள். மிச்சம் மூன்றும் யகர வரிசை. "ஆவோடு அல்லது யகரம் முதலாது" என்று தொல்காப்பியம் அந்தக் காலத்திலேயே சட்டம் போட்டு வைத்திருக்கிறது. ய் என்ற மெய் தமிழ்ச் சொல்லின் முதலில் வர வேண்டுமானால் 'யா' என்றுதான் வரும். யீ, யூ என்று தொடங்குவதெல்லாம் வெளியிலிருந்து வந்த சொற்கள். வெளியிலிருந்து வந்தால் தப்பு என்று சொல்லவில்லை, உங்கள் அத்தை சொன்ன பெயரும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டைக்குத் தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்றால் கையில் இருப்பது 'யா' ஒன்று. அதில் என்ன இருக்கிறது? யானை, யாமம், யாக்கை, யாறு, யாமை. ஆற்றைத்தான் யாறு என்றார்கள், ஆமையைத்தான் யாமை என்றார்கள். காலப்போக்கில் பாதிச் சொற்கள் யகரத்தை உதிர்த்துவிட்டன. பெண் குழந்தைக்கு இதில் எதை எடுத்து வைப்பது? சுற்றிச் சுற்றி யாழில்தான் வந்து நிற்க வேண்டும். ஜோசியரே உங்கள் பக்கம் இருக்கிறார், அவருக்கே அது தெரிந்திருக்காது.

அப்புறம் அர்த்தம். பெயர்ப் பட்டியல்களில் எல்லாம் 'யாழ் போல் இனிமையானவள்' என்று போட்டிருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் முழுச் சம்மதம் இல்லை. தமிழில் 'இனி' என்று தனியாகச் சொன்னால் 'இதற்கு மேல்' என்றுதான் பொருள் படும். இனிமையைச் சொல்ல வேண்டுமென்றால் இனிய, இனியாள் என்று வந்திருக்கும். என் கணக்கில் இதன் அச்சு வேறு. சங்க நூல்களில் பாடுகிற பெண் 'பாடினி'. எயினர் என்ற வேட்டுவர் குலத்துப் பெண் 'எயினி'. குறமகள் இளவெயினி என்று புலவர் ஒருவரே இருந்திருக்கிறார். அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். யாழுக்குரியவள், யாழை மீட்டுகிறவள், யாழினி. பெயர் இந்தக் காலத்தில் வார்த்தது, அச்சு பழையது. மகிழினி, தமிழினி எல்லாம் இதே அச்சில் வந்தவைதான். இனிமை எங்கே போயிற்று என்று கேட்காதீர்கள், அது யாழிலேயே இருக்கிறது. அந்தப் பாடினிகளும் சும்மா ஆட்கள் இல்லை. புறநானூற்றின் பதினோராம் பாட்டில் சேர மன்னன் ஒருவன் பாடினிக்குக் கழஞ்சுக் கணக்கில் (கழஞ்சு அந்தக் காலத்துப் பொன் எடை) பொன்நகை கொடுக்கிறான்.

'குழல் இனிது யாழ் இனிது' என்ற குறளை இந்நேரம் நாலு பேராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதை முழுதாகப் படித்தால் மழலைக்குத்தான் முதல் இடம், யாழுக்கு அடுத்த இடம். அதனால் அத்தையிடம் வாதாட அந்தக் குறளை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பொருநராற்றுப்படை என்ற சங்கப் பாட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

கரிகாலனைப் பாடிய முடத்தாமக்கண்ணியார், பாட்டின் தொடக்கத்திலேயே யாழை உறுப்பு உறுப்பாகக் காட்டுகிறார். பத்தல் என்கிற குடம் நடுவில் சற்று உயர்ந்து இரண்டு பக்கமும் சரிகிறது, மான் குளம்பு மண்ணில் பதிந்த தடம் மாதிரி. மேலே இழுத்துக் கட்டிய தோல் விளக்குச் சுடரின் நிறம். ஆணிகள் வளைக்குள் இருக்கும் நண்டின் கண் போல. இதற்கு நடுவில், தோலின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தைத்த இடத்துக்கு ஓர் உவமை சொல்கிறார் பாருங்கள்: 'எய்யா இளஞ்சூல் செய்யோள் அவ்வயிற்று, ஐது மயிர் ஒழுகிய தோற்றம் போல'. கருவுற்றது இன்னும் பிறருக்குத் தெரியாத, சிவந்த மேனிப் பெண்ணின் வயிற்றில் மெல்லிசாக ஓடும் ரோமக் கோடு. தொப்புளிலிருந்து கீழே இறங்கும் அந்தக் கோட்டைச் சில மாதம் முன்னால் நீங்களே உங்கள் வயிற்றில் பார்த்திருப்பீர்கள். யாழைப் பார்த்தவுடன் புலவருக்குப் பிள்ளைத்தாய்ச்சியின் வயிறு ஞாபகம் வந்திருக்கிறது. வகுப்பில் இந்த வரிகளைப் பாடம் நடத்தும்போது பையன்கள் சிரிப்பார்கள் என்று நான் வேகமாகத் தாண்டிப் போனதுண்டு. இப்போது நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

அதே இடத்தில், வழிப்பறிக் கள்வர்கள்கூட யாழில் பாலைப்பண் கேட்டால் கையில் உள்ள ஆயுதத்தைப் போட்டுவிடுவார்கள் என்றும் வருகிறது. உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

'யாரும் வாசிக்காத வாத்தியம்' என்று அத்தை சொன்னது நியாயம்தான். யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டு ஆகிறது. இருபத்தொரு நரம்புப் பேரியாழ், ஏழு நரம்புச் செங்கோட்டியாழ் எல்லாம் உரைகளில்தான் பிழைத்துக் கிடந்தன. ஆனால் அத்தைக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்காது. அந்த வாத்தியத்தை மீட்டெடுக்க முயன்ற கதையின் முக்கியமான ஒரு நாள் உங்கள் திருவாரூர் மாவட்டத்தில்தான் நடந்தது. மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள், பழைய நூல்களையும் உரைகளையும் வைத்துக்கொண்டு, கணக்குப் போட்டு, யாழின் அமைப்பையும் சுரங்களையும் பல வருஷம் தேடினார். அந்த 'யாழ் நூல்' 1947ல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அவர் கணக்கிட்டுச் செய்வித்த யாழ்களை அங்கே மீட்டியும் காட்டினார்கள். அடுத்த மாதமே அவர் போய்விட்டார். உங்கள் ஊரிலிருந்து அந்தக் கோயில் ரொம்பத் தூரமில்லை. பெயர் வைத்த கையோடு பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் போய் வாருங்கள், அத்தையையும் கூட்டிக்கொண்டு.

தெருவில் மூன்று யாழினி விஷயம். முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் பெயர் கூப்பிட்டவள் நான், இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தேன்மொழி, மலர்விழி, கயல்விழி, தமிழ்ச்செல்வி என்று வருகைப் பதிவேடே கவிதை மாதிரி இருக்கும். 1916ல் மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கத்தின் காற்று, திராவிட இயக்க மேடைகள் வழியாக வீட்டு வாசல் வரைக்கும் வந்த காலம் அது. அப்புறம் அலை மாறியது. ஷா, ஷினி, ஸ்ரீ என்று முடிகிற பெயர்கள் பதிவேட்டை நிரப்பின, தேன்மொழிகள் பிள்ளைகளின் அம்மா பெயர் எழுதும் கட்டத்துக்குப் போய்விட்டார்கள். நான் ஓய்வு பெறுகிற சமயத்தில் யாழினி, இனியா, நிலா என்று மறுபடி தமிழ் வரத் தொடங்கியிருந்தது. ஈழத் தமிழர் குடும்பங்களில் இது புதுசே இல்லை. அங்கே பிள்ளை பெற்று வளர்த்த யாழினிகள் இருக்கிறார்கள்.

ஒரே வகுப்பில் எனக்கு மூன்று தேன்மொழி இருந்தார்கள். நெட்டைத் தேன்மொழி, கண்ணாடித் தேன்மொழி, வெறும் தேன்மொழி. அந்த வெறும் தேன்மொழிக்குத்தான் வருத்தம், தனக்கு மட்டும் அடைமொழி இல்லை என்று. பொதுவான பெயரால் பிள்ளைகளுக்கு வந்த கஷ்டம் என்று நான் பார்த்தது அவ்வளவுதான். யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று ஐந்து எழுத்து, நியூமராலஜிக்காக இரண்டு ஹெச் என்று வைத்த பிள்ளைகள்தான் ஒவ்வொரு சான்றிதழிலும் ஒவ்வொரு மாதிரி எழுத்தோடு தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றார்கள்.

ஆங்கில எழுத்தில்தான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். ழகரத்துக்கு நம் பக்கம் இசட் ஹெச் போடுகிறோம், இலங்கைப் பக்கம் எல் போடுகிறார்கள். முன்னதை வெளி மாநிலத்தில் 'யாசினி' என்றோ 'யாஜினி' என்றோ படிப்பார்கள், பின்னதை 'யாலினி' என்பார்கள். எதுவானாலும் ஒன்றை முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழில் தொடங்கி ஆதார், பள்ளிக்கூடம், பாஸ்போர்ட் வரைக்கும் அதையே எழுதுங்கள். நான் என்றால் இசட் ஹெச்தான் போடுவேன். தெரியாதவர் தப்பாகப் படிக்கட்டும், தெரிந்தவருக்காவது அது ழகரம் என்று புரியும்.

அவசரம் ஒன்றுமில்லை. பிறப்பைப் பதிந்திருப்பீர்கள், பெயரைச் சேர்க்க ஒரு வருஷம் வரை கட்டணம் கிடையாது. அதற்கப்புறமும் தாமதக் கட்டணம் கட்டிப் பதினைந்து வருஷத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒருமுறை பதிந்த பெயரை மாற்றுவது பெரிய அலைச்சல். அதனால் யுவதர்ஷினி பக்கம் உங்கள் மனசு கொஞ்சம் சாய்ந்தாலும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ழகரம். நம் வீடுகளில் எத்தனை பேர் வாழைப்பழத்தை வாழைப்பழம் என்று சொல்கிறார்கள்? வாளப்பளம்தான். அந்த வாயில் உங்கள் பெண் யாளினி ஆவாள். பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் கோயில் சுற்றுலா கூட்டிப்போய், தூணில் துதிக்கையோடு நிற்கிற யாளியைக் காட்டினால் முடிந்தது, அன்றைக்கே பட்டப்பெயர் வந்துவிடும். இதற்கு மருந்து உங்களிடமும் உங்கள் வீட்டுக்காரரிடமும்தான் இருக்கிறது (அவர் வாய் திறக்க வேண்டிய இடம் இது). நாக்கை உள்ளே மடக்கி, மேலண்ணத்தைத் தொட்டும் தொடாமலும், ஒரு நாளைக்கு நாற்பது தடவை கூப்பிடுங்கள். பிள்ளை தானாகப் பிடித்துக்கொள்ளும்.

அத்தை யாளினி என்று கூப்பிட்டால் மட்டும் திருத்தாதீர்கள். அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லிவிட்டார் என்றால் உங்கள் வீட்டுச் சண்டை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.