பசி குறைக்கும் ஊசி: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

கேள்வி: வயது 44, உயரம் 158 செ.மீ., எடை 82 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். எடை குறைய டாக்டர் வாராந்திர செமாகுளூடைடு ஊசி எழுதிக் கொடுத்தார். முதல் மாதம் 0.25 மி.கி.யில் தொந்தரவு இல்லை. 0.5க்கு மாறியதும் குமட்டல், வாந்தி. நிறுத்திவிடலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: அவசரப்பட வேண்டாம். 0.25 மி.கி. என்பது எடை குறைக்கும் அளவே அல்ல. வயிறு பழகுவதற்காகக் கொடுப்பது. பிறகு 0.5, 1, 1.7, 2.4 என்று ஏற்றுவார்கள், ஒவ்வொரு படியிலும் குறைந்தது நான்கு வாரம். தாங்கவில்லை என்றால் அதே அளவில் இன்னும் சில வாரம் நிற்கலாம், ஒரு படி இறங்கவும் செய்யலாம். அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

இந்த மருந்து மூளையில் பசியை அடக்குவதோடு இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது. நாலு இட்லி சாப்பிட்ட பழக்கத்தில் இப்போதும் நாலு சாப்பிட்டால் அது மேலே வரத்தான் செய்யும். இரண்டோடு நிறுத்துங்கள். பூரி, பஜ்ஜி, பிரியாணி போன்ற எண்ணெய்ப் பண்டங்கள் நெடுநேரம் வயிற்றிலேயே கிடக்கும். ஊசி போட்ட இரண்டு மூன்று நாளாவது தள்ளி வையுங்கள். சாப்பிட்டதும் படுக்காதீர்கள். முட்டை, சுண்டல், தயிர், மீனை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சாதத்துக்குப் போங்கள். இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும்.

வாந்தியைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் கிளிமிபிரைடு. சாப்பாடு பாதியாகி மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். மாத்திரை அளவைக் குறைப்பது பற்றி இந்த வாரமே டாக்டரிடம் பேசுங்கள்.

மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குப் பரவும் கடும் வலி வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். அடுத்த ஊசி போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலும் அப்படியே.

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கிறது. அதுவரை மட்டும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகி, மதுரை

பதில்: 2.4 மி.கி.யை எட்டவே 16 வாரம் ஆகும். கணக்கு இடிக்கிறது. ஒரு பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் வரை எடை குறைந்தவர்கள், நிறுத்திய ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். ரத்த அழுத்தத்தைப் போல உடல்பருமனும் நீண்டகால நோய் என்று பார்ப்பவர்களுக்கான மருந்து இது. முகூர்த்தத் தேதிக்கானது அல்ல.

கேள்வி: 'மூலிகை' என்று ஆன்லைனில் வாங்கிய கேப்ஸ்யூலில் பசியே எடுப்பதில்லை. ஆனால் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது.
- வாசகர், ஈரோடு

பதில்: உடனே நிறுத்துங்கள். இப்படிப்பட்ட சரக்குகளில் சிபுட்ரமைன் என்ற பசியடக்கும் மருந்து கலந்திருந்தது பலமுறை பிடிபட்டிருக்கிறது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்தால் 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்ட மருந்து அது. லேபிளில் அந்தப் பெயர் இருக்காது. டப்பாவைக் குப்பையில் போடாமல் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, ரத்த அழுத்தமும் ஈசிஜியும் பாருங்கள்.