நியோடிமியம் காந்தத்தைப் பட்டறையில் அறுக்கலாமா?

கேள்வி: மலேசியாவின் பட்டர்வொர்த்தில் சிறிய லேத்துப் பட்டறை நடத்தி வருகிறேன். வாடிக்கையாளர் ஒருவர் 50 × 20 × 10 மில்லிமீட்டர் அளவுள்ள ஆறு நியோடிமியம் காந்தக் கட்டிகளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் குறுக்கே இரண்டாக அறுத்து, 5 மில்லிமீட்டர் துளையும் போட்டுத் தரச் சொல்கிறார். ஒன்றில் துளையிட்டுப் பார்த்தேன். டிரில் பிட் மழுங்கியது, காந்தத்தின் விளிம்பும் உதிர்ந்தது. கிரைண்டர் கொண்டு அறுக்கலாமா?

பதில்: தயவுசெய்து கிரைண்டரை எடுக்காதீர்கள். பார்வைக்கு நிக்கல் பூசிய உலோகமாகத் தெரிந்தாலும், சில மைக்ரான் அளவுள்ள பொடியை அழுத்திச் சூளையில் சுட்டுச் செய்யப்படும் இந்தக் காந்தம், குணத்தில் பீங்கானுக்கே நெருங்கியது. அது வளையாது, நெளியாது. டிரில் பிட்டின் கூர் அழுத்திய இடத்தில் விரிசல் விட்டுச் சில்லாகத் தெறிக்கும்.

உடைவதைவிடப் பெரிய ஆபத்து தூளில் இருக்கிறது. நியோடிமியம், இரும்பு, போரான் ஆகியவற்றின் கலவையான இதன் நுண்தூள் காற்றில் தானாகவே தீப்பற்றக்கூடியது. உலர்ந்த நிலையில் கிரைண்டரை வைத்தால் பறக்கும் பொறிகள் எரியும் காந்தத் துகள்களே. அவை மேசையடியில் குவிந்த தூளில் விழுந்தால் அதுவும் பற்றிக்கொள்ளும். அந்தத் தீயின் மீது தண்ணீரையோ கரியமில வாயு அணைப்பானையோ பயன்படுத்தக் கூடாது. உலர்ந்த மணலால் மூட வேண்டும், அல்லது உலோகத் தீக்கென்றே உள்ள டி வகை அணைப்பானைப் பயன்படுத்த வேண்டும். தீ பரவினால் உடனே வெளியேறி 999 என்ற எண்ணை அழையுங்கள்.

வெப்பமும் காந்தத்தைக் கெடுக்கும். சாதாரண ரகங்கள் சுமார் 80 பாகை செல்சியஸுக்கு மேல் வலிமையை இழக்கத் தொடங்குகின்றன. ஏறத்தாழ 310 பாகையில் காந்தத்தன்மை முழுவதுமாகப் போய்விடும். குளிர்நீரின்றி அறுக்கும்போது வெட்டுமுகம் இந்த அளவை எளிதில் எட்டும்.

இன்னொன்றையும் பலர் எதிர்பார்ப்பதில்லை. உங்கள் கட்டிகள் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் தடிப்பின் திசையில்தான் காந்தமேற்றப்பட்டிருக்கும். அவற்றைக் குறுக்கே அறுத்தால் இரு பாதிகளும் ஒத்த துருவங்கள் அருகருகே இருக்க ஒன்றையொன்று தள்ளும்; கடைசி இழை அறுந்த கணத்தில் ஒரு பாதி துள்ளிப் புரண்டு மற்றதோடு மோதி ஒட்டும். இடையில் விரல் இருந்தால் நசுங்கும்; மோதலில் தெறிக்கும் சில்லு கண்ணைத் தாக்கும். இதனால்தான் தொழிற்சாலைகளில் காந்தமேற்றுவதற்கு முன்பே, வைரத்தூள் பதித்த தட்டுகளாலோ கம்பிகளாலோ, குளிர்நீர் இடைவிடாது பாய, கட்டிகளை அளவுக்கு வெட்டி, பிறகே பூச்சிட்டுக் காந்தமேற்றுகிறார்கள். ஏற்கெனவே காந்தமேற்றிய கட்டிகளை வைத்துக்கொண்டு உங்கள் பட்டறையில் அந்த வரிசையைப் பின்பற்ற முடியாது.

ஆகவே வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்ற தயக்கம் வேண்டாம். மாற்றுவழியோடு அனுப்பினால் அவர் நன்றியே சொல்வார். 25 × 20 × 10 மில்லிமீட்டர் கட்டிகளை அந்த அளவிலேயே கேட்டு வாங்கலாம். திருகு தலை அமிழும் துளையோடு வரும் காந்தங்களும் விற்பனையில் கிடைக்கின்றன. துளை திருகாணிக்காகத்தான் என்றால், மெல்லிய இரும்புத் தகட்டில் துளையிட்டு அதன் மேல் காந்தத்தை எப்பாக்சி பசையால் ஒட்டிவிடலாம். பின்னால் இரும்பு இருப்பதால் முன்பக்கப் பிடிப்பும் கூடும். வலிமை அதிகம் தேவையில்லையெனில் கத்தியால் வெட்டக்கூடிய ரப்பர் காந்தமே போதும். ஒலிபெருக்கிகளில் உள்ள கறுப்பு ஃபெரைட் காந்தத்தின் தூள் எரியாது என்பதால், அதை நீர் பாயும் ஓடு வெட்டும் இயந்திரத்தில், வைரத் தட்டால், முகமூடியும் கண்ணாடியும் அணிந்து பொறுமையாக அறுக்கலாம், அதுவும் உடையக்கூடியதே.

நீங்கள் துளையிட்டுப் பார்த்த கட்டியை இன்றே கவனியுங்கள். டிரில் மேசையில் கிடக்கும் தூளைக் காற்றடித்து ஊதவோ வேக்யூம் கிளீனரால் உறிஞ்சவோ வேண்டாம். தண்ணீர் கூடாதென்றது எரியும் தூளுக்குத்தான்; ஆறிய இந்தத் தூளை ஈரத்துணியால் துடைத்து, காந்தத்தில் ஒட்டியுள்ளதைப் பசை நாடாவால் எடுத்து, எல்லாவற்றையும் தண்ணீர் நிரம்பிய டின்னில் மூழ்கப் போட்டு வெளியில் வையுங்கள். மூடியை இறுக்காதீர்கள், ஈரத் தூளிலிருந்து ஹைட்ரஜன் மெல்ல வெளியேறும். பூச்சு உதிர்ந்த விளிம்பு பட்டர்வொர்த்தின் கடற்காற்றில் விரைவில் துருவேறிப் பொடியாகும் என்பதால், அந்தக் காந்தத்தை வாடிக்கையாளரிடம் நல்லதென்று கொடுக்காமல், அதன் விலையை ஈடுகட்டிவிடுங்கள்.